வீட்டில் ஒருவருக்குக் காசநோய்: மற்றவர்களைக் காப்பது எப்படி?

சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி இருப்பதாகத் தெரியவந்த அன்று மாலையே பல வீடுகளில் நோயாளிக்கென்று ஒரு தட்டும் ஒரு டம்ளரும் தனியே எடுத்துவைக்கப்படுகின்றன. அவருடைய துணிகள் தனி வாளிக்குப் போகின்றன, குழந்தைகள் உறவினர் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். அச்சமும் அக்கறையும் சேர்ந்தே இவற்றைச் செய்ய வைக்கின்றன என்பதை அறிவேன். ஆனால் தட்டும் டம்ளரும் துணியும் இந்த நோயைப் பரப்புவதே இல்லை. குழந்தைகளை அவசரமாக வெளியூர் அனுப்புவதால் நேரும் கேடு இன்னும் பெரிது, ஏனெனில் வீட்டில் முதலில் பரிசோதிக்கப்பட வேண்டியவர்கள் அவர்களே. ஊர் மாறிப் போனபின் அவர்களைத் தேடிப் பரிசோதிப்பவர் யாரும் இருப்பதில்லை.

நுரையீரல் காசநோய் உறுதியான ஒருவரோடு ஒரே வீட்டில் வாழ்பவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். கழுத்துக் கட்டி, முதுகெலும்பு, குடல் போன்ற இடங்களில் மட்டும் வரும் காசநோய் பிறருக்குத் தொற்றுவதில்லை என்பதால் அதற்கு இத்தனை முன்னெச்சரிக்கை தேவைப்படாது. ஆனாலும் அந்த நோயாளிக்கு நுரையீரலிலும் நோய் இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட வேண்டும். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு செயலுக்கும் பின்னால் ஏதோவொரு பல்கலைக்கழகமோ ஆராய்ச்சி நிறுவனமோ பல ஆண்டுகள் உழைத்துக் கண்ட சான்று இருக்கிறது. எதற்காகச் செய்கிறோம் என்பது தெரிந்தால்தான் ஆறு மாதம் சலிக்காமல் செய்ய முடியும் என்பதால் அந்தச் சான்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

எது பரப்புகிறது

1950களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலிருந்த மருத்துவமனை ஒன்றில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ரைலியும் அவரோடு பணியாற்றிய வில்லியம் வெல்ஸும் ஒரு சோதனையை நடத்தினார்கள். காசநோயாளிகள் இருந்த சிறு வார்டிலிருந்து வெளியேறும் காற்றைக் குழாய் வழியே மேல்மாடிக்குக் கொண்டுசென்று, அங்கே கூண்டுகளில் இருந்த கினிப் பன்றிகளைச் சுவாசிக்கச் செய்தார்கள். நோயாளியைத் தொட்டிராத, அவர் புழங்கிய எந்தப் பொருளையும் அண்டியிராத அந்த விலங்குகளுக்கு வெறும் காற்றினாலேயே காசநோய் தொற்றியது. அதே வார்டின் காற்றைப் புற ஊதா ஒளியின் ஊடாகச் செலுத்தியபின் சுவாசித்த விலங்குகளுக்குத் தொற்றவில்லை. மருந்து எடுத்துக்கொண்டிருந்த நோயாளிகளைவிட, மருந்து தொடங்காத நோயாளிகளே பெரும்பாலான தொற்றுக்குக் காரணமாக இருந்தார்கள் என்பதும் அந்த ஆய்வில் தெரியவந்தது.

இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் வெளிப்படும் நீர்த்துளிகள் காற்றில் உலர்ந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாகி, அடைபட்ட அறையில் மணிக்கணக்கில் மிதக்கின்றன. வெறுமனே மூச்சு விடும்போதும் கிருமிகள் வெளிவருகின்றன என்று தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அண்மைக் காலத்தில் காட்டியிருக்கிறார்கள். ஆகவே இருமும்போது வாயை மூடிக்கொள்வது நல்ல பழக்கமே என்றாலும் அது ஒன்றே போதாது. அறையின் காற்று மாறிக்கொண்டே இருக்க வேண்டும். பாத்திரத்தை வழக்கம்போல் சோப்புப் போட்டுக் கழுவி எல்லோரும் பயன்படுத்தலாம். துணிகளைச் சேர்த்தே துவைக்கலாம். நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொல்வதால் எவருக்கும் எதுவும் தொற்றாது.

மருந்தை அன்றே தொடங்குங்கள்

வீட்டாரைக் காக்கும் முதல் மருந்து நோயாளி விழுங்கும் மாத்திரைதான். இதற்கான வலுவான சான்று சென்னையிலிருந்தே உலகுக்குக் கிடைத்தது. 1950கள் வரை காசநோயாளியைச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் சேர்த்து மாதக்கணக்கில் வைத்திருப்பதே முறையாக இருந்தது. ஆனால் நாட்டிலிருந்த நோயாளிகளின் தொகைக்குப் படுக்கைகள் ஒருபோதும் போதவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து 1956இல் சென்னையில் ஒரு காசநோய்ச் சிகிச்சை ஆய்வு மையத்தை நிறுவின. இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குவது அதுவே. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் அந்த மையம் 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை அவரவர் வீட்டிலும் வைத்து, ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தது. வீட்டிலிருந்தவர்கள் நெரிசலான குடியிருப்புகளில், சானடோரியத்தில் கிடைத்ததைவிடக் குறைவான உணவோடும் குறைவான ஓய்வோடும் வாழ்ந்தவர்கள். இருந்தும் அவர்கள் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய இணையாகவே குணமடைந்தார்கள்.

நம் கேள்விக்கு விடை தருவது அந்த ஆய்வின் அடுத்த பகுதி. இரு பிரிவினரின் வீட்டாரையும் ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, நோயாளியை வீட்டிலேயே வைத்திருந்த குடும்பங்களில் நோய் கூடுதலாகத் தோன்றவில்லை. வீட்டாருக்கு நேர்ந்த தொற்றின் பெரும்பகுதி, நோய் கண்டுபிடிக்கப்படாமல் அவர் இருமிக்கொண்டிருந்த அந்த மாதங்களிலேயே நேர்ந்துவிட்டிருந்தது. நோய் தெரிந்தபின் நோயாளியை வீட்டை விட்டு அனுப்புவது எதையும் காப்பதில்லை என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

நடைமுறையில் செய்ய வேண்டியவை இவை. முடிவு கைக்கு வந்த நாளிலேயே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய் மருந்தைத் தொடங்க வேண்டும். நல்ல நாள் பார்த்தோ இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்டோ ஒரு வாரம் தள்ளுவது, அந்த வாரம் முழுவதும் வீட்டின் காற்றில் கிருமியைக் கலக்க விடுவதாகும். சளியைக் கிருமியின் மரபணுவைக் கண்டறியும் சிபிநாட் அல்லது ட்ரூநாட் கருவியில் சோதித்தார்களா, ரிஃபாம்பிசின் மருந்து வேலை செய்யும் வகைக் கிருமியா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி என்றால் சிகிச்சையே வேறு. வழக்கமான கிருமிக்கு ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எத்தாம்பியூட்டால் ஆகிய நான்கும் சேர்ந்த மாத்திரைகளை எடைக்கேற்ப முதல் இரண்டு மாதம் தினமும் கொடுப்பார்கள்; பிறகு பைரசினமைடை நீக்கிவிட்டு மற்ற மூன்றையும் நான்கு மாதம் கொடுப்பார்கள். ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். அதைக் கண்டு இரத்தம் என்று பயந்து மருந்தை நிறுத்தியவர்கள் உண்டு என்பதால் முதல் நாளே நோயாளிக்குச் சொல்லிவைக்க வேண்டும். கண் மஞ்சளாவது, ஓயாத வாந்தி, பார்வை மங்குவது ஆகியவை வேறு விஷயம். அப்போது அன்றே டாக்டரிடம் போக வேண்டும். சர்க்கரை நோய்க்கோ வலிப்புக்கோ ஏற்கெனவே மருந்து எடுப்பவர்களும், கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் ரிஃபாம்பிசின் அந்த மருந்துகள் பலவற்றின் வீரியத்தைக் குறைத்துவிடுகிறது.

ஜன்னலும் முகக்கவசமும்

மருந்து தொடங்கியபின் தொற்றும் தன்மை விரைவாகக் குறைகிறது. மருந்துக்குக் கட்டுப்படும் கிருமியாக இருந்தால் முதல் இரண்டு வாரங்களே மிகுந்த கவனம் தேவைப்படும் காலம் என்று கொள்ளலாம். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி என்றால் டாக்டர் சொல்லும் வரை முன்னெச்சரிக்கையைத் தளர்த்தக்கூடாது.

இந்த நாட்களில் நோயாளி, வீட்டிலேயே காற்றும் வெளிச்சமும் மிகுந்த அறையில் படுக்கட்டும். கடைசியில் இருக்கும் இருட்டறையில் ஒதுக்கிவைப்பது அவருக்கும் கேடு, சாப்பாடு கொண்டுபோகிறவருக்கும் கேடு. பெரு நாட்டின் லிமா நகரில் எட்டு மருத்துவமனைகளில் ஆய்வாளர்கள் அறைகளின் காற்று மாறும் வேகத்தை அளந்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஜன்னல்களையும் கதவுகளையும் முழுமையாகத் திறந்துவைத்தபோது மணிக்கு ஏறக்குறைய 28 முறை அறையின் காற்று மாறியது. இயந்திரக் காற்றோட்டம் பொருத்திய நவீன அறைகளுக்குக் கணக்கிட்ட அளவோ மணிக்கு 12 முறைதான். உயரமான கூரையும் பெரிய ஜன்னல்களும் கொண்ட பழைய கட்டடங்களே புதியவற்றைவிடப் பாதுகாப்பாக இருந்தன. நம் பழைய வீடுகளின் முற்றத்தையும் திண்ணையையும் அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இராது.

எதிரெதிராக இருக்கும் கதவையும் ஜன்னலையும் சேர்த்துத் திறந்துவைத்தால்தான் காற்று ஓடும். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் போதாது. மேசை மின்விசிறி இருந்தால் அதை நோயாளியின் பின்னாலிருந்து ஜன்னலை நோக்கி வைக்கலாம். மற்றவர்கள் பக்கம் காற்று வீசும்படி வைக்கக்கூடாது. ஏசி அறையின் காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றுவதால் இந்த நாட்களில் அதைத் தவிர்ப்பதே நல்லது. ஒற்றை அறை வீடாக இருந்தால், மழையில்லாத பகல் பொழுதை நோயாளி திண்ணையிலோ மொட்டை மாடியிலோ மரத்தடியிலோ கழிக்கட்டும். இரவில் அவர் ஜன்னலுக்கு அருகிலும், குழந்தைகள் இயன்ற அளவு தள்ளியும் படுக்கட்டும்.

முகக்கவசத்தை யார் அணிவது என்பதில் பலருக்குக் குழப்பம் உண்டு. தென்னாப்பிரிக்காவில் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாளிகளை ஒருநாள் விட்டு ஒருநாள் சாதாரண அறுவைச் சிகிச்சை முகக்கவசம் அணியச் செய்து, முகக்கவசம் அணிந்த நாட்களின் காற்றையும் அணியாத நாட்களின் காற்றையும் தனித்தனிக் கினிப் பன்றிக் கூட்டங்களுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். அணியாத நாட்களின் காற்றைச் சுவாசித்த 90 விலங்குகளில் 69க்கும், அணிந்த நாட்களின் காற்றைச் சுவாசித்த 90இல் 36க்கும் தொற்றியது. ஆகவே வீட்டுக்குள் பிறரோடு இருக்கும் நேரங்களில் நோயாளி முகக்கவசம் அணிவதே முதன்மையானது. அது முழுப் பாதுகாப்பன்று என்பதையும் அந்த 36 என்ற எண் சொல்கிறது. ஜன்னலை மூடிவிட்டு முகக்கவசத்தை மட்டும் நம்பக்கூடாது. சளியை மூடியுள்ள டப்பாவில் துப்பிக் கழிப்பறையில் கொட்டிவிட வேண்டும்.

பால் கொடுக்கும் தாய்க்கு நோய் வந்திருந்தால் குழந்தையைப் பிரிக்கத் தேவையில்லை. கிருமி தாய்ப்பாலின் வழியே போவதில்லை. முகக்கவசம் அணிந்து, காற்றோட்டமான இடத்தில் அமர்ந்து பால் கொடுக்கலாம். குழந்தையை மட்டும் உடனே டாக்டரிடம் காட்டி, நோய் இல்லையென்று உறுதிசெய்து தடுப்பு மருந்தைத் தொடங்கிவிட வேண்டும்.

வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் பரிசோதனை

பெரும்பாலான வீடுகளில் தவறிப்போவது இந்தப் படிதான், ஆகையால் இதில் சற்று நிற்க வேண்டும். நோயாளியின் மாத்திரைகளை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளும் குடும்பம்கூட, தாங்களும் சோதிக்கப்பட வேண்டியவர்கள் என்று நினைப்பதில்லை. “எங்களுக்கு ஒன்றுமில்லை, இருமல்கூட இல்லை” என்பார்கள். சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வியட்நாமின் தேசியக் காசநோய்த் திட்டத்தோடு இணைந்து 70 மாவட்டங்களில் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரான பதில். சில மாவட்டங்களில் நோயாளியின் வீட்டார் எல்லோரையும் அழைத்து, அறிகுறிகளைக் கேட்டு, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். அதை இரண்டு ஆண்டுகளுக்குள் மறுபடியும் மறுபடியும் செய்தார்கள். மற்ற மாவட்டங்களில், வழக்கம்போல் தாமாக வருபவர்களை மட்டும் பார்த்தார்கள். தேடிப் பார்த்த மாவட்டங்களின் வீட்டாரிடையே பதிவான காசநோய், மற்ற மாவட்டங்களைப்போல் இரண்டரை மடங்கு. அந்த நோயாளிகள் தேடியதால் உண்டானவர்கள் அல்லர். தேடாத இடங்களில் அதே அளவு மக்கள் நோயோடு அறியப்படாமல் இருந்திருக்கிறார்கள் என்பதே இதன் பொருள்.

முதலில் ஒரு தாளில் பெயர்களை எழுதுங்கள். கடந்த மூன்று மாதங்களில் அந்த வீட்டில் இரவு தங்கியவர்கள், பகலில் நீண்ட நேரம் அவரோடு ஒரே அறையில் இருந்தவர்கள், அடிக்கடி வந்துபோகும் பேரக் குழந்தைகள், ஒரே அறையில் தங்கி வேலை செய்யும் தோழர்கள் எல்லோரும் அந்தப் பட்டியலில் வர வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், மிகவும் மெலிந்திருப்பவர்கள் ஆகியோரின் பெயர்களுக்கு அருகில் ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள். முதலில் போக வேண்டியவர்கள் அவர்கள். சர்க்கரை நோய் இருந்தால் காசநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்காகிறது.

ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டியவை: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் வரும் காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைவு, சளியில் இரத்தம். இவற்றில் ஒன்று இருந்தாலும் சளிப் பரிசோதனை வேண்டும். ஒன்றுமே இல்லாவிட்டாலும் எக்ஸ்ரே எடுத்துக்கொள்வதே சரி. குழந்தைகளிடம் இருமலைவிட, எடை ஏறாமல் இருப்பதும் விளையாட்டில் நாட்டமின்றிச் சோர்ந்து கிடப்பதுமே அதிகம் கண்ணில் படும். அவர்களுக்குச் சளி துப்பத் தெரியாது என்பதால் வேறு முறையில் மாதிரி எடுப்பார்கள். அதற்குக் குழந்தை மருத்துவர் உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும்.

சளி கொடுப்பதிலும் ஒரு முறை உண்டு. டப்பாவில் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால், நோய் இருந்தும் இல்லையென்றே முடிவு வரக்கூடும். காலையில் எழுந்ததும் வாயை வெறும் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, திறந்த வெளியில் நின்று, இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்துச் சிறிது நிறுத்தி, பிறகு நெஞ்சின் அடியிலிருந்து இருமி வரும் கெட்டிச் சளியைத் துப்ப வேண்டும். பொதுவாக இரண்டு மாதிரிகள் கேட்பார்கள். அவற்றில் ஒன்றாவது இப்படி எடுத்த காலைச் சளியாக இருக்கட்டும்.

நோய் வராதிருக்க மருந்து

கிருமி உடலுக்குள் புகுந்த எல்லோரும் நோயாளி ஆவதில்லை. 100 பேரில் 5 முதல் 10 பேருக்கே வாழ்நாளில் எப்போதாவது அது நோயாக வெளிப்படுகிறது; அதுவும் தொற்றிய முதல் இரண்டு ஆண்டுகளில்தான் அதிகம். அந்த இரண்டு ஆண்டுகளைக் கடக்க உதவுவதே தடுப்பு மருந்து. அதைத் தொடங்குமுன், மருந்து எடுக்கப்போகிறவருக்கு ஏற்கெனவே நோய் இல்லை என்பதைக் கண்டிப்பாக உறுதிசெய்துகொள்ள வேண்டும். நோய் உள்ளவருக்கு ஓரிரு மருந்துகளை மட்டும் கொடுத்தால் கிருமி அவற்றுக்குப் பழகிப்போய்க் கட்டுக்கு அடங்காததாகிவிடும்.

முன்பு ஐசோனியசிட் மாத்திரையை ஆறு அல்லது ஒன்பது மாதம் தினமும் எடுக்க வேண்டியிருந்தது. நோயில்லாதவர் ஒன்பது மாதம் மாத்திரை விழுங்குவது எளிதன்று. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிமதி ஸ்டெர்லிங் முன்னின்று நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், ரிஃபாபென்டினும் ஐசோனியசிடும் சேர்த்து வாரம் ஒருமுறையாக 12 வாரம் கொடுத்தால் அதே அளவு பாதுகாப்பு கிடைப்பது தெரிந்தது. 12 வார மருந்தை 100க்கு 82 பேர் முடித்தார்கள். ஒன்பது மாத மருந்தை முடித்தவர்கள் 69 பேரே. உங்கள் ஊரில் இரண்டும் கிடைக்குமானால், பெரியவர்களுக்கு நான் 12 வார மருந்தையே சொல்வேன். கர்ப்பிணிகளுக்கு அது பொருந்தாது. கல்லீரல் நோய் உள்ளவர்களும் மது அருந்துபவர்களும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். நோயாளியின் கிருமி மருந்துக்குக் கட்டுப்படாத வகை என்றால் இவை உதவா; வீட்டாருக்கு லெவோஃப்ளாக்சசினை ஆறு மாதம் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2024இல் பரிந்துரைத்திருக்கிறது.

“பிறந்தவுடன் பிசிஜி ஊசி போட்டாயிற்றே” என்று சிலர் கேட்பார்கள். அந்த ஊசி சிறு குழந்தைகளை மூளைக் காய்ச்சல் போன்ற கொடிய வகைக் காசநோயிலிருந்து காக்கிறது, அதைக் கட்டாயம் போட வேண்டும். ஆனால் 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கி 15 ஆண்டுகள் தொடர்ந்த மிகப் பெரிய ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று காட்டியது. பிசிஜி தழும்பு இருப்பதால் பரிசோதனையிலிருந்து எவருக்கும் விலக்கு இல்லை.

அடுப்படியில் செய்யக்கூடியது

மங்களூருவின் ஏனெபோயா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து ஜார்க்கண்டில் நடத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தது. 2,800 நோயாளிகளின் வீட்டார் 10,345 பேர் அதில் இடம்பெற்றார்கள். எல்லா நோயாளிகளுக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பொருள் கொடுக்கப்பட்டது. பாதி வீடுகளில் மட்டும் வீட்டார் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கூடுதலாகத் தரப்பட்டன. அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. பிறருக்குத் தொற்றக்கூடிய நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. அரிசியும் பருப்பும் இத்தனை செய்யும் என்பதை முதன்முதலில் படித்தபோது நெடுநேரம் அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நோயாளிகளுக்கும் அப்படியே: முதல் இரண்டு மாதத்தில் உடல் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு இறக்கும் வாய்ப்பு 61 சதவீதம் குறைவாக இருந்தது.

ஆகவே விலையுயர்ந்த சத்துப் பவுடர் டப்பா தேவையில்லை. தினமும் துவரம்பருப்போ பாசிப்பயறோ, ஒரு முட்டை, ஒரு கைப்பிடி நிலக்கடலை, பால் அல்லது தயிர், கீரை ஆகியவை வீட்டிலுள்ள எல்லோருக்கும் கிடைக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நோயாளிக்கு மட்டும் முட்டை கொடுத்துவிட்டு, அவரைப் பராமரிக்கும் பெண் ரசஞ்சோற்றோடு நிறுத்திக்கொள்வது நம் வீடுகளில் வழக்கம். அவரே அடுத்த நோயாளியாகும் வாய்ப்பு மிகுந்தவர். நோயாளிக்கு அரசு தரும் உதவித்தொகை 2024 நவம்பரில் மாதம் 500 ரூபாயிலிருந்து 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. சிகிச்சை தொடங்கும் நாளிலேயே வங்கிக் கணக்கு விவரத்தைக் கொடுத்து, காசநோயாளிகளுக்கான அரசின் இணையப் பதிவேடான நிக்ஷயின் பதிவு எண்ணை வாங்கிக்கொண்டால் அது தாமதமின்றி வரும்.

நாட்காட்டியில் குறிக்க வேண்டியவை

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானதும் எடை, உயரம், மூச்சின் வேகம், இரத்த ஆக்சிஜன், கால் வீக்கம், பிடிமானமின்றி நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்த்து, நிலை மோசமானவர்களை மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். வீட்டிலும் இவற்றைக் கவனிக்கலாம்: உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, பாதம் வீங்கினாலோ, தானாக எழுந்து நிற்க முடியாவிட்டாலோ அடுத்த தேதி வரை காத்திருக்கக்கூடாது.

இரண்டாம் மாத முடிவிலும் சிகிச்சை முடியும்போதும் நோயாளியின் சளியை மறுபடி சோதிப்பார்கள். இரண்டு வாரத்திலேயே இருமல் குறைந்து, இரண்டு மாதத்தில் பசி எடுத்து உடல் தேறிவிடும். மாத்திரையை நிறுத்தத் தோன்றும் காலமும் அதுவே. நிறுத்தினால் திரும்ப வரும் நோய் பலருக்கு மருந்துக்கு அடங்காததாக வருகிறது. சிகிச்சை முடிந்தபின் 6, 12, 18, 24ஆம் மாதங்களில் நோயாளிக்கு மறுபரிசோதனை உண்டு. அதே தேதிகளில் பழைய பெயர்ப் பட்டியலையும் எடுத்து, வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் எடை பார்த்து, இருமல் உண்டா என்று கேட்டு, ஐயம் எழுந்தவரை அந்த வாரமே சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். சந்தேகம் இருந்தால் 1800116666 என்ற கட்டணமில்லா நிக்ஷய் உதவி எண்ணில் கேட்கலாம்.